அரை மணி நேர வேலை

எங்க மடத்துல குருவுக்கு வயசு நாப்பத்தொண்ணு, சீடருக்கு அம்பத்தொம்பது. இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லைன்னா யாரு யாரைச் சாமின்னு கூப்பிடறாங்க, யாரு யாரை அண்ணான்னு கூப்பிடறாங்கன்னு உங்களுக்குக் குழப்பம் வரும்.

என் பேரு சின்னக்கண்ணு. அங்க சமையல் பண்றவ. ஞானம் கீனம் எல்லாம் எனக்குத் தெரியாது. உலை கொதிச்சுதா, உப்பு போட்டேனா, இதுதான் என் கவலை. ஆனா கண்ணால பார்த்ததைச் சொல்லலாமில்ல?

மடம் இருக்கறது ஆனைக்குழியில. சுத்தி மலை, நடுவுல ஊரு. எங்க போறதுன்னாலும் பதினாலு வளைவு மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாத்தான் டவுன். ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் அங்கதான். பஸ்ஸு காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவுல ஏதாச்சும் ஒண்ணுன்னா, மடத்துப் பிக்கப்பை விட்டா வேற கதியில்லை.

அந்தப் பிக்கப் சடையப்பண்ணனோடது. நான் சொன்ன சீடர் அவருதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி வண்டியோட வந்து சேர்ந்தாரு. துணிமணி ஒரு மஞ்சப் பையில இருந்துச்சு. ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் மட்டும் நாலு பொட்டி.

இருபத்தாறு வருஷத்து வண்டி. ஒரு மெக்கானிக் கை அதுல பட்டதில்லைன்னு அவருக்கு அவ்வளவு பெருமை. எஞ்சினைக் கழட்டறதும் அவரே, மாட்டறதும் அவரே. வேப்பமரத்துக் கிளையில சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கித் தொங்க விட்டிருப்பாரு. நான் காய வெச்ச வேட்டியெல்லாம் கிரீஸாயிடும். கத்துவேன். "கழுவிட்டாப் போச்சு"ம்பாரு, என்னமோ அவரு கழுவப்போற மாதிரி.

அந்த வண்டியை அவரைத் தவிர யாராலயும் கிளப்ப முடியாது. சாவியைப் பாதி திருப்பி இருபது எண்ணணும். கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும். மூணாவது கியர் போட்டா முழங்காலால முட்டுக் கொடுக்கணும், இல்லைன்னா கழண்டுக்கும். இந்தப் பக்கத்துக் கதவைத் தோளால தூக்கிச் சாத்தணும். ஆரன் அடிக்க ரெண்டு ஒயரை உரசணும். இத்தனையும் அவரு மண்டைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு.

சாயங்காலம் காய் நறுக்கறப்போ சாமியும் வந்து உக்காருவாரு. சாமி துறவு வாங்கறதுக்கு முன்னாடி பால் வண்டி ஓட்டினவரு. நாலு பேரு சாப்பாட்டுக்கு யாரு நறுக்கினா என்னன்னு அவரே கத்தியை எடுத்துக்குவாரு. சடையப்பண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து எதிர்ல நிப்பாரு. தினமும் ஒரே கேள்விதான்.

"சாமி, என் மனசு எப்ப அடங்குங்க?"

சாமி நிமிர்ந்து பார்ப்பாரு.

"வண்டியில எல்லாம் சரியா இருக்குங்களாண்ணா?"

"எல்லாம் சரியா இருக்குங்க சாமி."

"சரிங்க."

அவ்வளவுதான். அண்ணன் போயிடுவாரு. மூணு வருஷமா இதே கூத்து. எனக்குச் சிரிப்பா வரும். பாவம், மனுசன் ஞானம் கேட்டு வந்தா, சாமி வண்டியைப் பத்தி விசாரிக்கறாரேன்னு நினைப்பேன்.

அவரு கதை ஊருக்கே தெரியும். அவரு சம்சாரம் நல்லம்மாவுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்துச்சு. அன்னைக்கு அண்ணன் பஸ்ஸுல டவுனுக்குப் போயிருந்தாரு, பழைய இரும்புக் கடையில வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை தேட. வீட்டுல இருந்த மகன் திருமூர்த்தி அம்மாவை இந்த வண்டியில போட்டுக்கிட்டு மலையேறினான். பத்தாவது வளைவுல எஞ்சின் இறுகி நின்னு போச்சு. அங்க போன்ல சிக்னலும் கிடையாது. காட்டிலாகா ஜீப்பு வந்து சேர ஒண்ணரை மணி நேரம். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

"ஓட்டத் தெரியாம எஞ்சினை எரிச்சு, பெத்தவளைக் கொன்னுட்டான்." அண்ணன் எல்லார்கிட்டயும் இதைத்தான் சொன்னாரு. எழவு வீட்டுல மகன் மூஞ்சிக்கு நேராவே சொன்னாராம். பையன் கருமாதி முடிஞ்ச அன்னைக்கே ஊரை விட்டுப் போயிட்டான். டவுன்ல ஏதோ மில்லுல வேலையாம். அதுக்கப்புறம் அப்பனும் மகனும் பேசினதில்லை.

நானும் அந்தப் பையனைத் திட்டியிருக்கேன். "பொறுமையா ஓட்டியிருந்தா அந்தப் புண்ணியவதி இருந்திருப்பா"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதை நினைச்சா இப்ப என் நாக்கு கூசுது.

போன தை மாசம் அண்ணனுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியாம கம்பளியைப் போத்திக்கிட்டுக் கிடந்தாரு. அன்னைக்குப் பார்த்து, மடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த மாரப்பன் ஏணியிலிருந்து விழுந்துட்டான். கால் எலும்பு முறிஞ்சு வெளியே தெரியுது. அவன் போட்ட சத்தம் இன்னும் காதுல நிக்குது.

சாமி ஓடிப்போய் வண்டியில ஏறினாரு. சாவியைத் திருப்பினாரு. கர்ர்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து தடவை முயற்சி பண்ணினாரு. அண்ணன் காய்ச்சலோட எழுந்து வரப் பார்த்து, வாசப்படியிலயே சாஞ்சுட்டாரு. கடைசியில சாயங்கால பஸ்ஸு வர்ற வரைக்கும் மாரப்பன் காலைச் சாமி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அஞ்சு மணி நேரம்.

அண்ணனுக்கு உடம்பு தேறினதும் நான் நேராவே கேட்டேன்.

"எனக்காச்சும் அந்த வண்டியைச் சொல்லிக் கொடுங்கண்ணா. அவசரம்னா என்ன பண்றது?"

மனுசனுக்கு அப்படி ஒரு கோவம் வந்து நான் பார்த்ததில்லை.

"யாரும் தொடக் கூடாது! ஒருத்தன் தொட்டதுக்கே என் குடும்பம் போச்சு!"

"அதுக்கு ஏன் என் மேல எரிஞ்சு விழறீங்க? நான் என்ன உங்க வண்டியையா எரிச்சேன்?"

சாமி உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

மறுநாள் சந்தை. காலையில நான் கூடையைத் தூக்கிக்கிட்டு வந்தா, ஓட்டற சீட்டுல சாமி உக்காந்திருக்காரு. அண்ணன் கீழ நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு.

"இன்னைக்கு நான் ஓட்டறேனுங்கண்ணா. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுங்க."

குரு கேட்டா எப்படி மாட்டேங்கறது? அண்ணன் நடுவுல உக்காந்தாரு, நான் ஓரத்துல. இருபது எண்ணச் சொன்னாரு. கிளட்சை மிதிக்கச் சொன்னாரு. வண்டி கிளம்பிருச்சு. மூணாவது கியருக்கு முழங்காலை எங்க வைக்கணும்னு காட்டினாரு. சாமி நல்லாத்தான் ஓட்டினாரு. ஆனா அண்ணன் கண்ணு ரோட்டுல இல்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எதையோ மோந்துக்கிட்டே வந்தாரு.

ஒன்பதாவது வளைவுல பாறையிலிருந்து தண்ணி ஒழுகும். பக்கத்துல மஞ்சள் பூசி ஒரு கல்லு, சாமியா வெச்சிருக்கும். போறப்போ எல்லாம் அண்ணன் அங்க நிறுத்துவாரு. ரெண்டு குடம் தண்ணி புடிச்சு ரேடியேட்டர்ல ஊத்துவாரு, மூஞ்சி கழுவுவாரு, கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாரு. பக்தியில நிறுத்தறாருன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

சாமி நிறுத்தலை.

"சாமி, நிறுத்துங்க."

"கல்லை வர்றப்போ கும்பிட்டுக்கலாங்கண்ணா."

"தண்ணி ஊத்தணுங்க."

"எதுக்குங்க? முள்ளு கீழயேதானே கிடக்குது. எஞ்சின் ஜில்லுனு இருக்கு."

ஸ்டியரிங்குக்குப் பின்னாடி எஞ்சின் சூடு காட்டற முள்ளு ஒண்ணு இருக்கும். நானும் எட்டிப் பார்த்தேன். கீழயேதான் கிடந்துச்சு.

வண்டி ஏறிக்கிட்டே இருந்துச்சு. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுது.

"சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்துங்க!"

சொல்லிக்கிட்டே கைபிரேக்கைப் புடிச்சு இழுத்துட்டாரு. வண்டி உலுக்கி நின்னுச்சு. முன்னாடி இருந்து புகையா ஆவி வருது. பத்தாவது வளைவு.

நான் இறங்கி, முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். தண்ணி ஊத்திட்டா சரியாயிடும்னு நினைச்சேன்.

"தொடாதே!" அண்ணன் என் கையைத் தட்டி விட்டாரு. "மூஞ்சியெல்லாம் வெந்து போகும். ஆறட்டும். தானா ஆறணும்."

மூணு பேரும் ரோட்டோரத்துக் கட்டைச் சுவத்துல உக்காந்தோம். சாமி மெதுவாக் கேட்டாரு.

"அந்த முள்ளு?"

"அது எப்பவும் அங்கதாங்க கிடக்கும் சாமி. வேலை செய்யாது."

"அப்புறம் சூடாகறது எப்படித் தெரியும்?"

"எனக்கு வாசனையிலயே தெரியுங்க."

"எனக்கு?"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"சின்னக்கண்ணு அக்காவுக்கு? இது வேற யாருக்காச்சும் தெரியுங்களாண்ணா?"

அவ்வளவுதான். அந்த மனுசன் மடேர்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்படியே சரிஞ்சு ரோட்டுல உக்காந்துட்டாரு. பெரிய மனுசன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை, அவரு முதுகைத் தடவிக்கிட்டு நின்னேன்.

"நல்லம்மா போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிங்க. எஞ்சின்ல சூடு பார்க்கற சென்சார் ஒண்ணு இருக்கும். அது ஒழுக ஆரம்பிச்சுது. கழட்டிட்டு, அந்த ஓட்டையில ஒரு போல்ட்டை வெச்சு முறுக்கிட்டேன். அப்புறம் புதுசு வாங்கி மாட்டிக்கலாம்னு நினைச்சேன். மாட்டலை. ரேடியேட்டரும் ஒழுகுச்சு. ஒன்பதாவது வளைவுல தண்ணி ஊத்திட்டா டவுன் வரைக்கும் போயிடும். எனக்கு அது பழகிப் போச்சுங்க."

"திருமூர்த்திக்கு?"

"சொல்லலைங்க சாமி. மத்ததெல்லாம் சொல்லியிருந்தேன். கியர் சொன்னேன், கிளட்ச் சொன்னேன். இதைச் சொல்லலை. அவன் முள்ளைப் பார்த்திருப்பான். கீழ கிடக்குது, சரியா இருக்குன்னு மிதிச்சிருப்பான். பெத்தவ பக்கத்துல துடிக்கறப்போ எவன்தான் மிதிக்க மாட்டான்?"

"அவனைக் குத்தம் சொன்னீங்க."

"சொன்னேங்க. எழவு வீட்டுல, நாலு பேரு முன்னாடி. வாயில வந்துருச்சுங்க. ஒரு தடவை வந்ததுக்கப்புறம் அதையே புடிச்சுக்கிட்டேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கலை. "அடப்பாவி மனுசா! அந்தப் பையன் ஏழு வருஷமா அம்மாவைக் கொன்னவன்னு பேரு சுமந்துக்கிட்டுத் திரியறானே"ன்னு கத்திட்டேன். சாமி என்னைப் பார்த்தாரு. வாயை மூடிக்கிட்டேன். ஆனா அண்ணன் தலையைத் தலையை ஆட்டினாரு. திட்டு, இன்னும் திட்டுங்கற மாதிரி இருந்துச்சு.

சாமி கேட்டாரு. "எஞ்சின் இறுகிப் போனதுக்கப்புறம் முழுசாக் கழட்டி மாட்டினீங்களே?"

"ஆமாங்க. ஆறு மாசம். பிஸ்டன், ரிங்கு, ஹெட்டு, எல்லாம். ரேடியேட்டரையும் அடைச்சேன், அது திரும்ப ஒழுக ஆரம்பிச்சுருச்சு."

"அந்த ஓட்டையில?"

அண்ணன் ரெண்டு கையாலயும் மூஞ்சியைத் தேய்ச்சுக்கிட்டாரு.

"அதே போல்ட்டைத்தாங்க திரும்ப வெச்சேன்."

"ஏனுங்கண்ணா?"

"சென்சார் கையிலதாங்க இருந்துச்சு. வாங்கி வெச்சிருந்தேன். மாட்டறதுக்குக் குனிஞ்சேன். அரை மணி நேர வேலை சாமி அது. மாட்டிட்டா, அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சேன்னு தெரிஞ்சுடுமேங்க. அன்னைக்கே பண்ணியிருக்கலாமேன்னு. கை வரலைங்க."

மலையில காத்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணன் எழுந்து போய் ரேடியேட்டர் மேல உள்ளங்கையை வெச்சுப் பார்த்தாரு. திரும்ப வந்து உக்காந்தாரு. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் போய் வெச்சுப் பார்த்தாரு. கை பொறுக்கற சூடு வந்ததுக்கப்புறம்தான் மூடியைத் திருகி, நான் ஒன்பதாவது வளைவுல புடிச்சுட்டு வந்த தண்ணியை ஊத்தினாரு. சந்தைக்குப் போய்ச் சேர்றப்போ நல்ல தக்காளி எல்லாம் வித்துப் போச்சு.

மடத்துக்குத் திரும்பினதும் சாமி சொன்னாரு.

"அதை மாட்டுங்கண்ணா."

அண்ணன் பொட்டியைத் திறந்தாரு. அடியில, எண்ணெய்த் துணியில சுத்தி வெச்சிருந்தாரு அந்தச் சென்சாரை. ஏழு வருஷமா சுத்தினது சுத்தின மாதிரியே இருந்துச்சு. தண்ணியை வடிச்சாரு. போல்ட்டைக் கழட்டினாரு. துரு ஏறி, லேசுல வரலை. சென்சாரை வெச்சு முறுக்கி, ஒயரை மாட்டித் தண்ணி ஊத்தினாரு. நான் அரிசி களைஞ்சு உலை வெச்சேன். சோறு வேகறதுக்குள்ள முடிச்சுட்டாரு.

வண்டியைக் கிளப்பினாரு. அந்த முள்ளு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி, நடுவுல வந்து நின்னுச்சு. அண்ணன் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"அரை மணி நேரங்கூட ஆகலைங்க சாமி."

"இப்ப யாரு வேணும்னாலும் இந்த வண்டியை ஓட்டலாங்களா?"

"ஓட்டலாங்க."

"அப்ப, ஓட்டினவன்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

அண்ணன் வண்டியை அணைச்சாரு. "அவன் மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்? என்னன்னு சொல்லுவேன்?"

"கையில அந்தப் போல்ட்டு இருக்குதில்லைங்க? அதைக் கொடுங்க."

அன்னைக்குப் போகலை. மறுநாளும் போகலை. மூணாவது நாள் காலையில சட்டையைத் துவைச்சுப் போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு. நான் புளிசோறு கட்டிக் கொடுத்தேன். "மகனுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கேன்"ன்னு சொன்னேன். தலையை ஆட்டினாரு.

சாயங்காலம் திரும்பி வந்தாரு. நானும் சாமியும் வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தோம். அண்ணன் புளிசோத்துப் பொட்டலத்தை என் பக்கத்துல வெச்சாரு. பிரிக்கவே இல்லை. எதிர்ல உக்காந்தாரு.

"பார்த்தேங்க சாமி."

"சொல்லுங்க."

"சின்ன வீடுங்க. சைக்கிள்ல வேலைக்குப் போறானாம். அன்னையிலிருந்து ஒரு வண்டியையும் தொட்டதில்லையாம். என் மருமக சொல்லுச்சு. அது முகத்தை இன்னைக்குத்தாங்க பார்க்கறேன். யாரு வேணும்னு கேட்டுச்சு. நான் யாருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

கொஞ்சம் தண்ணி கொடுத்தேன். குடிச்சாரு.

"அவன் வெளிய வந்தான். தலையெல்லாம் நரைச்சிருக்குங்க, முப்பத்திரெண்டு வயசுல. போல்ட்டைக் கொடுத்தேன். இது என்னன்னான். சொன்னேன். எல்லாம் சொன்னேன். முள்ளு வேலை செய்யாதது, வளைவுல தண்ணி ஊத்தறது, எனக்குத் தெரிஞ்சே அவன் மேல பழி போட்டது. ஒண்ணு விடலைங்க."

"அவன்?"

"நின்னுக்கிட்டே கேட்டான். போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் கேட்டான், 'அம்மா கடைசியா என்ன சொல்லுச்சுன்னு உனக்குத் தெரியுமாப்பா?'ன்னு."

நான் கத்தியைக் கீழ வெச்சுட்டேன்.

"நான் கேக்கவே இல்லைங்க சாமி. ஏழு வருஷத்துல ஒரு நாள் கேக்கலை. அவகூட இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் திட்ட ஆரம்பிச்சுட்டேன்."

"என்ன சொன்னாங்களாம்?"

"எஞ்சின் நின்னு போனதும் இவன் பயந்து அழுதிருக்கான். அவ இவன் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அழாதடா. எந்த ரிப்பேரா இருந்தாலும் உங்கப்பா வந்து சரி பண்ணிடுவாரு'ன்னாளாம். அதுதாங்க கடைசி. அதுக்கப்புறம் அவ பேசலையாம்."

என்னால முடியலை. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன்.

"'அம்மா சொல்லிட்டுப் போனதை நம்பி உனக்காக வாசல்லயே நின்னேன். நீ பஸ்ஸுல இருந்து இறங்கி வந்தே. வந்து என்ன சொன்னே?'ன்னு கேட்டான். உள்ள போனான். கதவைச் சாத்திக்கிட்டான். தட்டினேன். கெஞ்சினேன். திறக்கலை சாமி."

சாமி ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாரு.

"கொதிச்சுக்கிட்டு இருக்கற ரேடியேட்டர் மூடியை நீங்க திறப்பீங்களாண்ணா?"

"மாட்டேங்க."

"என்ன பண்ணுவீங்க?"

"எஞ்சினை அணைச்சுட்டு ஓரமா உக்காந்துக்குவேங்க. அப்பப்ப கையை வெச்சுப் பார்ப்பேன்."

"நாளைக்குப் போங்க. கதவைத் தட்ட வேண்டாம். எதிர்ல உக்காருங்க."

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அன்னைக்கு அவரு வழக்கமாக் கேக்கற கேள்வியைக் கேக்கலை. வேற ஒண்ணு கேட்டாரு.

"எத்தனை நாளைக்குங்க சாமி?"

சாமி கத்தியைக் கீழ வெச்சாரு.

"அவன் ஏழு வருஷம் உக்காந்திருந்தானுங்கண்ணா."